நந்தவனத்துக்கு வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கைங்கர்யத்தில் சேர்ந்து மூன்று மாதமாகியும், துளசியும் மல்லிகையும் பகவானின் அன்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். செடியிடம் தத்துவம் கேட்காதே, தம்பி. அதற்கு என்ன வேண்டும் என்று கேள்.

திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தவர் தொண்டரடிப்பொடியாழ்வார். 45 பாசுரத்தில் ஒரு பிரபந்தமும் பாடினார். அதற்கும் திருமாலை என்றே பேர். ஆனால் அவர் திருமேனியை அடையாளம் காட்டுவது ஏட்டுச்சுவடியல்ல, பூக்குடலை. வேலை முந்தியது, பாட்டு பிந்தியது.

துளசியில் கதிர் முற்றினால் செடி ஓய்ந்துவிடும். கதிரோடு நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விட்டுப் புதராகும். பெருமாளுக்காகக் கிள்ளுவதும் செடிக்காகக் கிள்ளுவதும் ஒரே கிள்ளல்தான். துவாதசியன்று மட்டும் கைவைக்காதே.

மல்லிகைக்கு நவம்பர் கடைசியில் கவாத்து. தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். முதல் வருஷம் எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு செடியை விட்டுவைத்தேன். பங்குனியில் மற்றதெல்லாம் மொட்டாய்க் குலுங்க, அந்த நாலும் இலையாய் நின்றன. என் இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு அது. துன்பம் வரும்போது சுவாமியைத் திட்டத் தோன்றினால் அந்த நாலு செடியை நினைத்துக்கொள்வேன். எல்லாத் துன்பமும் கவாத்து என்று சொல்ல மாட்டேன். வெறும் வறட்சியும் உண்டு.

மல்லிகை மொட்டை விடியுமுன் பறிக்கிறோம். அப்போது அதில் மணம் இராது. சாயங்காலம் சுவாமியின் தோளில்தான் விரியும். பறித்தவனுக்குப் பங்கில்லை, பூவை முகரவும் கூடாது. ‘ஆண்டாள் சூடியே கொடுத்தாளே?’ என்பாய். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசியடியில் கிடைத்தவள் அவள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு உரிமை; தோட்ட வேலைக்கு வந்த நமக்கு விதி. விதியை வருஷக்கணக்கில் காத்தால், அவள் எவ்வளவு பெரிய உரிமையை எடுத்துக்கொண்டாள் என்பதாவது புரியும்.

கடைசியாகப் பவழமல்லி. தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாது என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். இதற்கு விலக்கு உண்டு. இரவில் மலர்ந்து, விடியலில் தானாக உதிரும். அதைப் பொறுக்கித்தான் சாத்துகிறோம். நாற்பது வருஷம் பூப்பறித்த கைக்கு, பறிக்காமல் வந்து சேரும் பூ ஒன்றும் உண்டு என்பதை நம்பவே நாளாயிற்று.

மரத்தடியைப் பெருக்கி, இன்றிரவு ஒரு துவைத்த வேட்டியை விரித்து வை. உன் வேலை அவ்வளவுதான்.

அன்புடன்,
உன் அண்ணன்