பெற்றோரது இறுதிக்காலமும் ஆசிரியரும்

சைவப் பாடசாலை ஆசிரியராகிய நாம் மாணாக்கர்க்கு நிலையாமையைக் கற்பிக்கின்றோம். யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை என்று பகுத்து, உதாரணங் காட்டி, வினா வினாவி, விடையும் எழுதுவித்துவிடுகின்றோம். அப்பாடம் ஒருநாள் வைகறையிலே நம் வீட்டு முற்றத்திலேயே வந்து நிற்கும்பொழுது, அதனை ஒருபோதுங் கல்லாதார் போலத் திகைக்கின்றோம். யானும் அங்ஙனந் திகைத்தவருள் ஒருவன். ஆதலின், ஈண்டு உரைப்பவற்றைக் கற்றானொருவன் போதிப்பனவாகக் கொள்ளாது, பிழைபட்டானொருவன் தன் உடனாசிரியர்க்குச் சொல்லி வைப்பனவாகக் கொள்க.

என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். அப்பொழுது அவர்க்கு வயது 81. ஒரு நாட்காலை கிணற்றடிக்குச் சென்று முகங்கழுவி மீண்டவர், திருநீறு தரித்தற்குக் கையை எடுத்தார். கை நெற்றிவரை எழவில்லை. வாயின் ஒருபுறங் கோணிற்று. அவர் ஏதோ சொல்ல முயன்றார், சொல் குழறிற்று. யாம் செய்தது யாது? கட்டிலிற் கிடத்திக் கைகால்களுக்கு எண்ணெய் தேய்த்தோம். சூடான கோப்பி பருக்கினோம், அது புரையேறிற்று. கொழும்பிலிருக்குந் தமையனாருக்குத் தொலைபேசியில் அறிவித்து அவர் சொல்லுக்குக் காத்திருந்தோம். அயலவரொருவர் பரிகாரியாரை அழைத்துவரப் புறப்பட்டார். இங்ஙனம் இரண்டரை மணிநேரங் கழிந்தது. வைத்தியசாலையிலே இளைஞரான வைத்தியர் முதற்கண் வினாவியது, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. ஒருவர் ஐந்து என்றார்; ஒருவர் ஆறு என்றார். நாடோறும் மணியடித்துப் பாடந் தொடங்கும் யான் மணியைப் பார்த்திலேன்.

அவ்வினாவின் பொருளைப் பின்னரே அறிந்தேன். பாரிசவாதம் இருவகைத்து. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுதலால் வருவது ஒன்று. குழாய் வெடித்து இரத்தங் கசிதலால் வருவது மற்றொன்று. முன்னையதே பெரும்பான்மை. அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. அதனைத் தகுதியுடைய நோயாளர்க்கு, அறிகுறி தோன்றியதிலிருந்து நாலரை மணிநேரத்துள் ஏற்றல் வேண்டும். இரத்தக் கசிவு உடையார்க்கோ அம்மருந்தே கேடு விளைக்கும். இரண்டனையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய எவராலும் இயலாது, தலையைச் சி.ரி. ஸ்கான் செய்தே அறிதல் வேண்டும். அதனாலேதான் வீட்டில் அஸ்பிரின் கொடுத்தல் தவறாகின்றது. உணவும் நீரும் வாயிலிடுதலும் தவறே; விழுங்குந் தசைகள் தளர்ந்திருப்பின் அவை சுவாசப்பையினுட் சென்றுவிடும். யாம் பருக்கிய கோப்பியை நினைக்குந்தோறும் இன்றும் என் கை கூசுகின்றது.

ஆகவே முகம், கை, பேச்சு, நேரம் என்னும் நான்கு சொற்களையும் ஆசிரியர் தம் மனத்திற் பதித்துக்கொள்க. முகங் கோணினும், ஒரு கை தாழினும், பேச்சுக் குழறினும், இவற்றுள் ஒன்றே காணப்படினும், நோயாளர் இறுதியாக நலமாயிருந்த நேரத்தை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் இந்திய அரசின் உதவியொடு தொடங்கப்பெற்ற 'சுவசெரிய' நோயாளர் காவுவண்டிச் சேவை 2018 ஆம் ஆண்டிலே வட மாகாணத்துக்கும் வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. மாரடைப்புக்கும் இதுவே வழி. முதியோர்க்கும் நீரிழிவு உடையார்க்கும் மாரடைப்பு நெஞ்சுநோவின்றியே, வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வருதலும் உண்டென்பதை மறவற்க. தமையனாருக்கு வண்டி புறப்பட்டபின் அறிவிக்கலாம்.

தந்தையார் பதினொரு நாள் வைத்தியசாலையிற் கிடந்தார். நேரத்தோடு கொண்டு சென்றிருப்பிற் பிழைத்திருப்பாரோ என்று வைத்தியரை ஒருநாள் தனியே கேட்டேன். அங்ஙனஞ் சொல்ல இயலாது, வயதும் இரத்த அழுத்தமும் உள்ளன என்றார். அது தேறுதல் மொழியோ உண்மையோ என்று பன்னாள் ஆராய்ந்தேன். இரண்டுமாக இருத்தல் கூடும்.

பார்க்க வந்தார் பலர், "எல்லாம் அவரவர் வினை" என்று கூறிச் சென்றனர். இதுபற்றி ஆசிரியர் சிறிது ஊன்றி ஆராய்தல் வேண்டும். ஏனெனில் இவ்வாக்கியத்தை ஊருக்குக் கற்பித்தவர் பெரும்பாலும் நாமே. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என்பதும், இவ்வுடம்பு முகந்துகொண்டு வந்தது பிராரத்தம் என்பதும் நம் சித்தாந்தம். அது ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரிய அறிவு. அயலான் துன்பத்தை அளந்து தீர்ப்புக் கூறுதற்கு உரிய கோல் அன்று. எவர்க்கு எவ்வினை எவ்வாறு பயன் தருகின்றது என்பதை ஊட்டுபவனாகிய இறைவனே அறிவான். அற்றேல், நோய் வினையால் வந்ததாதலின் வைத்தியம் எற்றுக்கு என்பார்க்கு விடை எளிது: நோய் வினைவழி வந்ததாயின் வைத்தியரும் மருந்தும் வண்டியும் அவ்வழியே வந்தனவாம். நோயை மாத்திரம் வினை என்று ஏற்று மருந்தை வினைக்குப் புறம்பென்று தள்ளுதல் பாதிநூல் கற்றாருடைய வாதம்.

அப் பதினொரு நாளில் எம்மை அலைத்தது நோயினும் எம் உடன்பிறந்தாருடைய கருத்து வேற்றுமையே. ஒருவர் கொழும்பிலும், ஒருவர் கனடாவிலும், தங்கை இலண்டனிலும் உளர். ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் விழித்து வெவ்வேறு வைத்திய நண்பரை உசாவி வெவ்வேறு கட்டளை அனுப்பினர். மூன்றாம் நாள் தங்கைதான் ஒழுங்கு செய்தாள்: வைத்தியரொடு பேசுபவர் ஒருவரே, அவர் மாலைதோறும் யாவர்க்கும் ஒருமுறை அறிவிப்பார். இதனை முதனாளே செய்திருத்தல் வேண்டும். சுவாசப்பொறி பொருத்துவதா என்னும் வினா எழுந்தபொழுதோ, எவராலும் விடை கூற இயன்றிலது. தந்தையார் தம் விருப்பத்தை ஒருபோதுஞ் சொன்னாரல்லர், யாமுங் கேட்டோமல்லேம். பெற்றோர் நலமாயிருக்கும்போதே அதனைக் கேட்டல் அமங்கலம் என்று நம்மவர் கருதுகின்றனர். காணி உறுதியைப் பற்றிக் கேட்டற்கு நாணாத நாம் இதனைக் கேட்டற்கு நாணுதல் வியப்பே.

இறுதி இரண்டு நாளும் அவர் கண்விழித்திலர். முதிய உறவினர் பால் பருக்க விரும்பினர். தாதியார் தடுத்து, பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குமாறு காட்டினார். பாலில் ஒருதுளி அப்பஞ்சிற் சேர்த்து யாவரும் முறைமுறையாகத் தொட்டனர். வழக்கமுங் குறைவுபடவில்லை, நோயாளர்க்கும் ஊறில்லை. செவியிலே திருவைந்தெழுத்தை ஓதுதலும் சிவபுராணம் படித்தலும் நம் நாட்டு மரபு. 2020 ஆம் ஆண்டிலே கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மரணத்துக்குச் சில மணிநேரம் முன்னர், உணர்வற்றுக் கிடந்த நோயாளர் சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியமை பதிவு செய்யப்பட்டது. அவர்கள் பொருளையும் உணர்ந்தனரா என்பது அதனாற் பெறப்படாது. ஆயினும் கட்டிலருகிலிருந்து காணிப்பிணக்குப் பேசுதல் ஆகாது என்பதற்கு அத்துணைச் சான்று போதும்.

யான் தேநீர் அருந்தச் சென்ற கால்மணி நேரத்திலே அவர் உயிர் பிரிந்தது. பதினொரு நாள் உடனிருந்தவன் அக்கால்மணி இல்லாதொழிந்தேன் என்னுந் துயர் சில மாதங்கள் என்னை விட்டிலது. பின்னொருநாள் பட்டினத்தார் சரித்திரத்தை வகுப்பிற் கூறும்போது ஒன்று புலனாயிற்று. முற்றத் துறந்த அம்முனிவரும் அன்னையார் இறக்கும்போது அருகில் இருந்தாரல்லர். செய்தி அறிந்து சுடலைக்கே வந்து சேர்ந்தார் என்பது வரலாறு. வந்து, பச்சை வாழைத்தண்டை அடுக்கி, பாடி, எரியிட்டார். பொன்னையும் மனையையும் ஓடெனக் கண்டவர் தாய்க்காக அழுதமையை நம் முன்னோர் குறையென்று மறைத்தாரல்லர்.

வைத்தியசாலையில் நிகழ்ந்த மரணமாதலின் பத்திரங்களை அங்குள்ள வைத்திய அதிகாரியிடமிருந்து பெற்றோம். வீட்டில் நிகழுமாயின் கிராம அலுவலரிடஞ் செல்லல் வேண்டும். எதிர்பாராத மரணமாயின் திடீர் மரண விசாரணை அதிகாரி வருதலும், பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடுதலும் உண்டு. அது சட்டத்தின் ஒழுங்கேயன்றிக் குடும்பத்தார்மேல் ஐயமன்று என்பதை அயலவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

கனடாவிலிருக்குந் தமையனார் வருமளவும் இரண்டு நாள் காத்திருந்தோம். அவரே மூத்தவராதலின் தந்தைக்குக் கொள்ளி வைத்தற்கு உரியவர். சுண்ணம் இடித்தபோது திருப்பொற்சுண்ணம் படித்தனர். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தனர். சிறுபிள்ளைகள் அஞ்சுவார்கள் என்று அவர்களை அயல்வீட்டுக்கு அனுப்புவார் உளர். எம் வீட்டில் ஆறு வயதுப் பேரன் பந்தம் பிடித்தான். அவன் அஞ்சியதாகத் தோன்றவில்லை. தனக்கும் ஒரு வேலை தரப்பட்டது என்பதிலேயே அவன் கருத்து நின்றது.

அந்தியேட்டிக்கு முன் வேறொரு கடன் ஆசிரியர் வீட்டில் வந்து சேரும். அது கல்வெட்டு. யாழ்ப்பாணத்தில் 31 ஆம் நாள் வழங்கப்பெறும் அந்நினைவு நூலை எழுதுவிக்க ஊரார் நம்மிடமே வருகின்றனர். திதி வெண்பாவும், வம்சாவளியும், மக்கள் புலம்பலும், மருமக்கள் புலம்பலும் யான் பலருக்கு எழுதிக்கொடுத்துள்ளேன். உண்மையை ஒப்புக்கொள்ளின், பெயரை மாற்றினால் ஒருவர் புலம்பல் மற்றொருவர்க்கும் பொருந்துமாறே எழுதினேன். என் தந்தைக்கு எழுத அமர்ந்தபோது அச்சொற்களுள் ஒன்றும் உதவவில்லை. அவர் எவ்வாண்டில் ஆசிரியர் நியமனம் பெற்றார், யாரிடம் இலக்கணங் கற்றார், வளவின் தென்கிணற்றை வெட்டுவித்தது அவரோ பாட்டனாரோ என்னும் வினாக்களுக்கு விடை அறிந்தவர் ஒருவரே, அவர் இல்லை. தங்கை தொலைபேசி வாயிலாக மூன்று சிறு செய்திகள் கூறினாள். அவற்றுள் ஒன்று, தந்தையார் மழைக்காலத்தில் வறிய மாணாக்கர் இருவர்க்குத் தம் குடையைக் கொடுத்துத் தாம் நனைந்து வருவார் என்பது. நான் அதனை அறிந்திலேன். கல்வெட்டில் அதனை வெண்பாவாக்காது உரைநடையிலேயே இட்டேன். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து மீண்டபின் அதனை வாசித்த முதியவரொருவர், அவ்விருவருள் ஒருவன் தானே என்று கூறி விம்மினார்.

பெற்றோர் உயிரோடிருக்கும் ஆசிரியர் ஒரு கொப்பியை எடுத்து இன்றே அவரருகில் அமர்க. பிறந்த ஊர், பள்ளி, ஆசான், கிணறு, மரம், கடன், பிணக்கு யாவற்றையுங் கேட்டு எழுதுக. அது கல்வெட்டுக்கு உதவினும் உதவாதொழியினும், எழுதும் அந்தப் பொழுது நன்றாகும்.

பாடசாலைக்கு மீண்ட வாரம் ஏழாம் வகுப்பிலே திருநாவுக்கரசு நாயனார் சரித்திரம். இருபது ஆண்டுகளாக யான் திருவாமூரையும் புகழனார், மாதினியார் என்னும் பெயர்களையும் விரைந்து சொல்லிச் சூலைநோய்க்கு ஓடிவிடுவேன்; பரீட்சை வினா அங்கேயே இருக்கும். அன்று ஓட இயலவில்லை. தந்தை நோயுற்று இறந்ததையும், தாயும் உடன் மறைந்ததையும், இரு பிள்ளைகள் தனித்து நின்றதையும் நின்று சொன்னேன். பின் வரிசையிலிருந்த ஒரு மாணவி, "திலகவதியார் அழவில்லையா, சேர்?" என்று கேட்டாள். சேக்கிழார் சுவாமிகள் சொன்ன ஒழுங்கையே கூறினேன்: இருவரும் பெருந்துயரில் அழுந்தினர், பின்பு சுற்றத்தார் தேற்றினர், அதன் பின்பே கடன்களைச் செய்தனர், மருணீக்கியார் தண்ணீர்ப்பந்தர் வைத்ததும் குளந் தொட்டதும் அதற்கும் பின்பு. துயரை முதலில் வைத்தவர் சேக்கிழாரே என்றேன்.

அப்பிள்ளையின் தாய்தந்தையர் வெளிநாட்டில் உளர் என்பதும், அவளை வளர்த்தவர் ஆவணியில் இறந்தார் என்பதும் இடாப்பைப் பார்த்திருப்பின் எனக்குத் தெரிந்திருக்கும். அவள் புத்தகத்தை மூடிவைத்து, "எனக்கு அம்மம்மா" என்று மாத்திரங் கூறினாள். அருகிலிருந்த பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று பாடம் சூலைநோய் வரை செல்லவில்லை. அடுத்த வாரந்தான் தொடர்ந்தேன்.