தேரி மணலில் தோட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தாமிரபரணிப் பக்கம் என்றதும் வயலும் வாழையும்தான் நினைவுக்கு வரும். வாய்க்கால் எட்டும் தூரம் வரைதான் அந்தப் பசுமை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் பாசனத்தைத் தாண்டித் தெற்கே போனால் சாத்தான்குளம், திசையன்விளை, உவரி என்று செம்மணல் தேரி விரிகிறது. அங்கே வீடு கட்டுகிறவர்கள் ஆற்றங்கரைச் செடிகளை ஆசையாக வாங்கி வைத்து, பங்குனி வெயிலில் பறிகொடுத்துவிட்டு மண்ணைக் குறை சொல்கிறார்கள். குறை மண்ணில் இல்லை, செடியைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

நம்பிக்கை: மணலில் இறங்கும் தண்ணீர் வீண்.

உண்மை: மணல் தண்ணீரைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும். ஆனால் மழையை வழிந்தோட விடாமல் ஆழத்துக்கு இறக்கிவிடும். மேல்மணல் காய்ந்த பிறகு அதுவே மூடாக்காகி, அடியிலுள்ள ஈரத்தை வெயிலிடமிருந்து காக்கும். களிமண்ணோ அடி ஈரத்தை மேலே இழுத்து ஆவியாக விட்டுவிடும். ஆகவே தேரியில் பிழைப்பது, மேல்மணல் காயும் முன்னே வேரைக் கீழே அனுப்பிவிடும் செடிதான். பனையைப் பாருங்கள். பனங்கொட்டையின் முளை முதலில் மண்ணுக்குள்தான் போகிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அப்படி உருவானதுதான். இலை வெளியே தலைகாட்டுவது அதற்கப்புறம். உடை மரம், வேம்பு, கொல்லாமரம், ஆவாரை எல்லாம் இந்த மண்ணில் நிற்பவை. தடித்த இலை இருந்தால் வறட்சி தாங்கும் என்று எண்ணிக் கள்ளிகளை மட்டும் தேடி அலைய வேண்டியதில்லை.

நம்பிக்கை: பெரிய கன்றாக வாங்கினால் சீக்கிரம் பிடிக்கும்.

உண்மை: பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர் சுருண்டிருக்கும். அது கீழே இறங்கத் திணறும். சின்னக் கன்றே மேல். முருங்கையை விதையாகவே ஊன்றலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 விதையால் வளரும் ரகம்தான். போத்து நட்டால் ஆணிவேர் இராது. ஆடியில் மேல்காற்று சுழற்றி அடிக்கும் ஊரில் அது பெரிய குறை.

நம்பிக்கை: வறட்சி தாங்கும் செடிக்குத் தண்ணீர் தேவையில்லை.

உண்மை: வேர் இறங்கிய பிறகுதான் அந்தத் தாங்கும் சக்தி வரும். முதல் கோடையில் எந்தச் செடிக்கும் தண்ணீர் வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே பரவிப் பழகிவிடும். இடைவெளி விட்டு, பாத்தி நிறைய ஊற்றுங்கள். தொழுவுரமும், குளத்து வண்டலும் மணலோடு கலந்தால் நல்லது. கலக்காமல் மேலே கொட்டினால் இறுகிப் பொருக்குத் தட்டும்.

நம்பிக்கை: தேரி வீட்டில் பூச்செடி வளராது.

உண்மை: நித்தியகல்யாணி வளரும், ஆடும் அதைத் தொடாது. இன்னொன்று, நம் ஊர்ப் பெயரையே உலக மருந்துக் கடைகளுக்குக் கொண்டுபோன நிலவாகை. மலமிளக்கி மருந்துக்கான அதன் இலை வெளிநாட்டு வணிகத்தில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே விலைபோகிறது. அரபு நாட்டிலிருந்து வந்த இந்தச் செடி மானாவாரியிலேயே விளையும், மஞ்சள் பூ கொத்தாகப் பூக்கும். தண்ணீர் தேங்கினால்தான் சாகும். இத்தனை பெருமையுள்ள செடியை நம் வீட்டு முற்றங்களில் காண முடியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம்பிக்கை: சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்.

உண்மை: இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதற்காக அதை வளர்க்கவும் வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அது பரவிய இடத்தில் வேறு செடியை எழும்ப விடாது. வறட்சியைத் தாங்குவது மட்டும் ஒரு மரத்துக்குத் தகுதியாகிவிடாது. வேலி வேண்டுமென்றால் நொச்சி வையுங்கள். நிழலுக்கு, குடை விரித்தாற்போல் நிற்கும் நம் உடை மரமே போதும்.

நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் பெய்கிறது. சித்திரையில் கன்று வாங்காதீர்கள். புரட்டாசியில் குழி எடுத்து வைத்து, முதல் மழை நனைத்ததும் நடுங்கள்.