ஆணிகூட அடிக்கக் கூடாதாமே!

தாராசுரத்தில் தறி வீட்டுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், கோயிலுக்கு 100 மீட்டருக்குள்ள இருக்கிற வீட்டையெல்லாம் தொல்லியல் துறை எடுத்துக்கப் போகுதாமே? சுவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதாமே?" இதையேதான் தஞ்சாவூரிலும் மாமல்லபுரத்திலும் கேட்டிருக்கிறார்கள். பழங்கட்டடங்களைப் பழுதுபார்த்தே பிழைக்கிற எனக்கு இந்த 'ஆமே' காது புளித்துப்போயிற்று. யார் சொன்னது என்று கேட்டால் பதில் வராது.

யாரும் எதையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. இந்த வட்டத்துக்குள் வருவதனால் உங்கள் பட்டாவில் ஒரு எழுத்தும் மாறாது. வீடு உங்களுடையது, விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

ஓடு மாற்றலாமா? மாற்றலாம், அனுமதி வாங்கி. தடைப் பகுதியில் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அதன் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய பத்திரம், வீட்டு வரி ரசீது எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள். பொதுமக்களுக்கான குடிநீர்க் குழாய், மின் வழங்கல், சாக்கடை வேலைகளைச் சட்டம் 'கட்டுமானம்' என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. இதெல்லாம் அச்சில் இருக்கிறது ஐயா! படிக்கத்தான் ஆளில்லை.

முடியாதது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தடைப் பகுதியில் புது வீடு கட்ட முடியாது. இருக்கிற வீட்டின் மேல் மாடி எழுப்ப முடியாது. இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதும் பழுதுபார்ப்பதில் சேராது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே காலி மனை வைத்திருப்பவருக்கு இது நிஜமான நஷ்டம்; அவர் கோபப்பட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் குடியிருக்கிற வீட்டை "கவர்மென்ட் எடுத்துக்கும், வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று பயமுறுத்துகிற தரகரை மட்டும் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். துறையின் மேலும் எனக்குக் குறை உண்டு. எச்சரிக்கைப் பலகை வைக்கிறவர்கள், பழுதுபார்க்க எங்கே மனு போடுவது என்று அதே பலகையில் தமிழில் இரண்டு வரி எழுதினால் என்ன?

இன்னும் சில 'ஆமே'க்கள். 100 மீட்டரைக் கோபுரத்திலிருந்து அளப்பார்களாம். இல்லை, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து. யுனெஸ்கோ வந்து தடுக்குமாம். தாராசுரம் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது உண்மை. தடுப்பது நம் நாட்டுச் சட்டம். 100 வயதானால் எந்தக் கட்டடத்துக்கும் தானாகவே பாதுகாப்பு வந்துவிடுமாம். வராது, அரசு அறிவிக்க வேண்டும். அறிவிக்காததால் இடிந்துபோன வீடுகளைக் கும்பகோணத்தில் தெருத் தெருவாகக் காட்டுவேன். மாநகராட்சி பிளான் அப்ரூவல் இருந்தால் போதுமாம். போதாது.

அனுமதி வாங்கியபின் செய்கிற வேலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் மேல் சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். அடியிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆறிவிடும், சிமெண்ட் வழிவிடாது. உள்ளே தங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து கொட்டும். நான் பழுதுபார்க்கப் போன வீடுகளில் பாதிக்கு வந்த நோய் இந்தச் சிமெண்ட் வைத்தியத்தால் வந்ததுதான். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான். கொடுங்கள்.

தறி வீட்டுக்காரரிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். மனு தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்குப் போக 15 நாள், ஆணையம் முடிவு சொல்ல 2 மாதம், உத்தரவு கைக்கு வர 1 மாதம். சட்டம் வைத்திருக்கிற கெடுவே மூன்றரை மாதம்; அலுவலகத்தில் அது நீளும் என்பது அவருக்கும் தெரியும். ஐப்பசி மழை தறிக்குழியில் இறங்கக் கூடாதென்றால் ஆனி பிறப்பதற்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். வரி ரசீதைத் தேடப் பரணில் ஏறியிருக்கிறார்.