பதினாறு நாள்தானே?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். 600 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்ட அளவில் ஜெயித்துவிடுகிறான். வருவாய் மாவட்டப் போட்டியில் மட்டும் இரண்டு வருடமாக நான்காவது இடம்தான். முன்னால் ஓடுகிற பையன்களுக்கு மீசை அரும்பிவிட்டது. இவன் இன்னும் பொடியனாகவே இருக்கிறான். டிசம்பர் 20-ல் பிறந்தவன் என்பதால் அடுத்த வருடம் 17 வயதுப் பிரிவுக்குப் போயாக வேண்டும். “பிறந்த தேதியை ஜனவரி 5 என்று மாற்றி வாங்கிவிட்டால் இன்னொரு வருடம் 14-க்குள்ளேயே ஓடலாம், பதினாறு நாள்தானே” என்கிறார் பயிற்சியாளர். என் கணவருக்கும் சம்மதம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: அம்மா, ஒப்பாத அந்த மனசை விட்டுவிடாதீர்கள். தேதியைத் தொட வேண்டாம்.

முன்னால் ஓடுகிறவர்கள் எல்லாரும் வயதை மாற்றியவர்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஆண் பிள்ளைகள் கிடுகிடுவென வளர்வது பெரும்பாலும் 13, 14 வயதில். சிலருக்கு அது 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 15 ஆகும். ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பையன்களின் உடம்புக்குள் இரண்டு மூன்று வயது வித்தியாசம் இருக்கலாம். உங்கள் பையனுக்கு அந்த வளர்ச்சி இன்னும் வரவில்லை. அப்படியிருந்தும் மாவட்டத்தில் நான்காவதாக வருகிறான் என்றால், அது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள், கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு அதைச் செய்கிறது. ஆனால் மாட்டிக்கொள்வான் என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். தேதி மாற்றிய சான்றிதழோடு ஒரு பையன் வந்து சேர்ந்தான். எனக்குச் சந்தேகம் இருந்தும் கேட்கவில்லை, இன்றும் உறுத்துகிறது. இரண்டு வருடம் அவன் பக்கத்தில் யாரும் வர முடியவில்லை. கடைசி வளைவில் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடி ஜெயிப்பான். 17 வயதுப் பிரிவில் முதல் ஹீட்ஸிலேயே இரண்டு பேர் அவன் தோளை ஒட்டி வந்தார்கள். பக்கத்தில் ஒருவன் மூச்சு வாங்குகிற சத்தத்தை அவன் அதற்கு முன் கேட்டதே இல்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கி நடக்க ஆரம்பித்தான். அந்த வருடத்தோடு ஓட்டத்தையே விட்டுவிட்டான். நல்ல கால் அவனுக்கு. நெருக்கமாக ஓடித் தோற்றுப் பழக வேண்டிய இரண்டு வருடத்தை நாங்கள் அவனிடமிருந்து பறித்துவிட்டோம்.

பதினாறு நாள் சின்ன விஷயம் என்கிறார் பயிற்சியாளர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். அவர் நேரம் 55.42 விநாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. அவ்வளவு சின்ன விஷயம்! அப்போது உஷாவுக்கு 20 வயது. அடுத்த வருடம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கினார். பதக்கம் தராத அந்த 55.42 தேசியச் சாதனையாக 39 வருடம் நின்றது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் கோவைப் பெண் வித்யா ராமராஜ் ஹீட்ஸில் அதே 55.42-ல் ஓடி அதைச் சமன் செய்தார், இறுதி ஓட்டத்தில் வெண்கலமும் வாங்கினார். ஒருவர் நேர்மையாக ஓடி நான்காவதாக வந்த நேரம், இன்னொரு பெண் துரத்திப் பிடிப்பதற்கு இருந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் 400 மீட்டருக்கு எவ்வளவு நேரம், கடைசி 200-க்கு எவ்வளவு நேரம் என்று அவனே தனித்தனியாக எழுதட்டும். இந்த வயதுப் பையன்கள் விசில் ஊதியதும் முதல் 200-லேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள், கடைசி 150-ல் கால் கல்லாகிவிடும். மூன்றாவது இடம் கைநழுவியது அங்கேதானா என்று நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

17 வயதுப் பிரிவில் 600 கிடையாது, 800 உண்டு. பொறுத்து ஓடத் தெரிந்த பையனுக்கு அது தோதான தூரம். முதல் வருடம் அவன் தோற்பான், அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். போட்டி அன்று நீங்கள் முடிவுக் கோட்டருகே நிற்க வேண்டாம். கடைசி வளைவில் நில்லுங்கள், அங்கேதான் அவனுக்கு உங்கள் குரல் தேவைப்படும். ஹீட்ஸில் கடைசியாக வந்தாலும் அன்றைய நேரத்தை நோட்டில் எழுதச் சொல்லி, எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.