பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? 'கிட்' பார்க்கும் வித்தியாசம்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கிலத்தில் உண்டு. விண்டோஸில் பழகியவர்களுக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பைலுக்கு நீங்கள் கொடுத்த பெயரை அப்படியே காட்டும். தேடும்போது மட்டும் இரண்டு எழுத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அவை வேறு வேறு. ஒரே போல்டரில் பெரிய எழுத்தில் ஒரு பைல், அதே பெயரில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கலாம்.

'கிட்' என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கியது இது. உங்கள் பைல்களில் செய்யும் மாற்றங்களைக் கட்டம் கட்டமாகப் பதிந்து வைக்கும். பதியக் கூடாதவற்றை 'கிட்இக்னோர்' (பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி உண்டு) என்ற டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்கலாம். '*.ஜேபிஜி' என்று ஒரு வரி எழுதினால், அந்த எக்ஸ்டென்ஷன் உள்ள படங்களை எல்லாம் விட்டுவிடும்.

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவர், கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்கள் பற்றி வெப்சைட் தயாரிக்கிறார். பௌர்ணமிக்கு வருபவர்களுக்கு அவர்கள் வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுவார்கள். தங்குபவர்களின் ஆதார் அட்டையையும் அதே கேமராவில்தான் படம் எடுப்பார்கள். கேமராவில் இருப்பது எல்லாம் ஒரே போல்டரில் வந்து விழும். (இந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.)

விண்டோஸ் கம்ப்யூட்டரில் அவர் சின்ன எழுத்தில் '*.ஜேபிஜி' எழுதியிருந்தார். டிஜிட்டல் கேமராக்கள் பைல் பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் பெரிய எழுத்தில்தான் தரும். ஆனாலும் படங்கள் ஒதுங்கின. காரணம், விண்டோஸில் புதிய ரெபாசிட்டரி தொடங்கும்போது 'கோர்.இக்னோர்கேஸ்' என்ற செட்டிங்கை 'ட்ரூ' என்று கிட் தானாகவே வைத்துவிடும்.

பிறகு வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் வேலையைத் தொடர்ந்தார். தமிழக அரசு 2011ல் தொடங்கிய திட்டத்தில் அவர் அண்ணனுக்குக் கிடைத்தது. சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸ் அதில் உண்டு. லினக்ஸில் 'க்ளோன்' செய்து, படங்களைக் காப்பி செய்து, எல்லாவற்றையும் சேர்க்கும்படி 'கிட் ஆட்' கட்டளை கொடுத்தார். 'கிட் ஸ்டேட்டஸ்' டைப் செய்து பார்க்கச் சொன்னேன். பட்டியலில் ஆதார் படங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன! இன்னும் இரண்டு கட்டளைகளில் யாரும் பார்க்கக்கூடிய 'கிட்ஹப்' பக்கத்துக்குப் போயிருக்கும். அங்கே போனபின் பைலை அழித்தாலும் பழைய பதிவுகளில் படம் இருக்கும்.

இதைத் தவிர்க்க, எக்ஸ்டென்ஷனின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சதுர அடைப்பு போட்டு, அதனுள் சின்ன எழுத்து, பெரிய எழுத்து இரண்டையும் இடைவெளியின்றி டைப் செய்யுங்கள். முதல் அடைப்பில் இரண்டு ஜே, அடுத்ததில் இரண்டு பி, பிறகு இரண்டு ஜி. இந்த வரி எந்த சிஸ்டத்திலும் வேலை செய்யும். 'கோர்.இக்னோர்கேஸ்' செட்டிங்கை நீங்களாக மாற்றாதீர்கள். வேறு குழப்பங்கள் வரும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பைலை இந்த வரி வெளியேற்றாது. 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேஷ்டு' ஆப்ஷனுடன் கொடுத்தால் பட்டியலிலிருந்து மட்டும் நீங்கும். படம் உங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.