வாட்ச் 48 என்று காட்டுகிறதா? குறைந்த இதயத்துடிப்பு எப்போது ஆபத்து?

கையில் ஸ்மார்ட் வாட்ச், வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர், அலமாரியில் டிஜிட்டல் பி.பி. மெஷின். இதயத்துடிப்பை நாமே பார்த்துக்கொள்வது இப்போது ரொம்ப சுலபம். ஆனால் திரையில் 48 என்று ஒரு எண் வந்து நின்றால் என்ன செய்வது? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா? ‘மெஷின் சரியில்லை’ என்று தள்ளி வைப்பதா?

எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த எண்ணோடு உடம்பில் வேறு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே 48, இரண்டு பேர்

காவலர் தேர்வுக்காகத் தினமும் காலையில் ஓடும் 24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது அவருடைய துடிப்பு 48. தலைசுற்றல் இல்லை, களைப்பு இல்லை. ஓடினால் துடிப்பு கிடுகிடுவென 150-ஐத் தாண்டுகிறது. இது பயிற்சியால் பலம் பெற்ற இதயம். ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், அது அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மா. அவருக்கும் 48தான். ஆனால் சில வாரங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். இந்த 48-ஐத்தான் விடக் கூடாது. மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு காரணம் தேடுவதைவிட, இப்போதே ஒரு இ.சி.ஜி. எடுப்பது எவ்வளவோ மேல்.

இதயம் ஏன் மெதுவாகிறது?

பெரியவர்களுக்கு ஓய்வு நேரத் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம். 60-க்குக் கீழே போனால் மருத்துவத்தில் ‘பிராடிகார்டியா’ என்கிறார்கள். ஆனால் 50 முதல் 60 வரை துடிப்புள்ள பலர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். அதனால் 50-க்குக் கீழே போனால்தான் டாக்டர்கள் பொதுவாகக் கூடுதல் கவனம் செலுத்துவார்கள். தூக்கத்தில் துடிப்பு 40-களுக்கு இறங்குவதும் சகஜம். வாட்ச் காட்டும் ‘குறைந்தபட்சத் துடிப்பு’ பெரும்பாலும் நள்ளிரவில் எடுத்த கணக்குதான். (குழந்தைகளுக்கு இயல்பாகவே துடிப்பு அதிகம். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் பெரியவர்களுக்கு மட்டும்.)

இதயத்தின் வலது மேல் அறையில் இயற்கையே வைத்த ஒரு சின்ன மின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்துடிப்பு, நடுவில் உள்ள ஒரு கணு வழியாகக் கீழறைகளுக்குப் போகிறது. மின் நிலையமே மெதுவாக வேலை செய்தாலும், போகும் வழியில் தடை வந்தாலும், துடிப்பு குறையும்.

வழியில் வரும் இந்தத் தடைக்குப் பெயர்தான் ‘ஹார்ட் பிளாக்’. இங்கே பலருக்கும் குழப்பம் வருகிறது. ‘ஹார்ட்ல பிளாக் இருக்கு’ என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது ரத்தக் குழாய் அடைப்பை. டாக்டர் சொல்லும் ஹார்ட் பிளாக் மின்சாரப் பாதையில் உள்ள தடை. அடைப்புக்கு ஸ்டென்ட், பைபாஸ் என்று சிகிச்சை இருக்கிறது. மின் தடைக்குச் சிகிச்சை வேறு. ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால், ‘ரத்தக் குழாயிலா, மின் பாதையிலா?’ என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

முதலில் சரியாக எண்ணுங்கள்

வாட்சும் ஆக்சிமீட்டரும் விரலிலும் மணிக்கட்டிலும் ஓடும் ரத்தத்தை ஒளியால் பார்த்துக் கணக்கிடுகின்றன. பட்டை தளர்வாக இருந்தால், விரல் சில்லென்று இருந்தால், நகத்தில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் கணக்கு தப்பலாம். இடையிடையே வரும் பலவீனமான துடிப்புகளைக் கருவி தவறவிட்டு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே கையால் ஒரு முறை பாருங்கள்:

• ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். நடந்து வந்தவுடனோ, காபி குடித்தவுடனோ வேண்டாம்.
• உள்ளங்கையை மேல்நோக்கி வையுங்கள். கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள்.
• கட்டைவிரலால் பார்க்காதீர்கள். அதற்கே துடிப்பு உண்டு; எண்ணிக்கை குழம்பும்.
• போனில் டைமர் போட்டு முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்றும் கவனியுங்கள்.
• தேதி, நேரம், எண், அப்போது உடம்பு எப்படி இருந்தது என்பதை போனிலேயே குறித்து வையுங்கள். மூன்று நாள் குறிப்பு இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

துடிப்பு 60-க்குக் கீழே இருந்து, கூடவே கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள்:

• அடிக்கடி தலைசுற்றல், கண் இருட்டுவது
• காரணம் இல்லாத களைப்பு, வழக்கமான வேலையைக்கூடச் செய்ய முடியாமை
• நடந்தால், படி ஏறினால் மூச்சு வாங்குவது
• பெரியவர்களிடம் மறதி
• எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு ஏறாமல் இருப்பது

விழித்திருக்கும்போதே துடிப்பு தொடர்ந்து 40-க்குக் கீழே இருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள். வழக்கமாக 75 இருந்தவருக்குத் திடீரென 50 ஆகிவிட்டால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

எப்போது உடனே 108?

மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு விடவே சிரமப்பட்டால், உடம்பு குளிர்ந்து வியர்த்துக் கொட்டினால், எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மாரடைப்பின்போதும் துடிப்பு இப்படிக் குறையலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை, மயங்கியவர் சரியாக மூச்சுவிடுகிறார் என்றால் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நினைவு சரியாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றாதீர்கள். மூச்சே இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் வேகமாகவும் அழுத்தமாகவும் அமுக்கத் தொடங்குங்கள். 108-ல் பேசுபவர் சொல்வதைக் கேட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டே செய்யலாம்.

கிராமத்து வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. அரளி விதையும் சில பூச்சிமருந்துகளும் இதயத்துடிப்பை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். குழந்தை தெரியாமல் அரளிக் காயைக் கடித்துவிட்டாலோ, மருந்து தெளித்தவருக்கு வாந்தியும் மயக்கமும் வந்தாலோ, கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை அட்டையைப் பாருங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள்

துடிப்பு குறைவதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் நாம் சாப்பிடும் மருந்துதான். பி.பி., நெஞ்சுவலி, படபடப்பு ஆகியவற்றுக்குத் தரும் அடெனோலால், மெட்டோபுரோலால், புரோப்ரனோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்றவை துடிப்பைக் குறைக்கும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு இப்படிச் செய்யும். ‘அது கண்ணுக்குத்தானே’ என்று டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. இந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. அடெனோலால் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் பி.பி. எகிறலாம், நெஞ்சுவலி வரலாம், மாரடைப்புகூட வரலாம். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், வரும் பணியாளரிடம் துடிப்புக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள். சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றை, மூலக் காரணத்தைச் சரிசெய்தாலே துடிப்பும் சரியாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

முதலில் இ.சி.ஜி. வலி இல்லை, சில நிமிட வேலை. அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. தேவைப்பட்டால் தைராய்டு, பொட்டாசியம் ரத்தப் பரிசோதனையும், எக்கோ ஸ்கேனும் எடுப்பார்கள். தொந்தரவு வந்து வந்து போகிறது என்றால் ‘ஹோல்டர்’ என்ற சிறு கருவியை 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் பொருத்தித் துடிப்பைப் பதிவு செய்வார்கள்.

மின் பாதையே பழுதாகியிருந்தால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். பெயரைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி அது. 1958-ல் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், அவ்வப்போது கருவியை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவி வைத்தவர்கள் செல்போன் பேசலாம். சட்டைப் பையில் மட்டும் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைத்தால் போதும்.

செலவை நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள்.

இன்று மாலை ஒரு வேலை செய்யலாமே. வீட்டில் இருக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணியதும், ‘எழுந்து நிற்கும்போது தலை சுத்துதா?’ என்று கேளுங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் குறிப்பும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.