மழைக்கு முன் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை இனி எந்த நாளும் தொடங்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும், விடுமுறையில் கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று பைக்கில் கிளம்புகிறவர்களும் சாலையில் இறங்கும் நேரமும் இதுதான். மழைக்காலத்தில் பஞ்சர் கடைக்காரர்களுக்குக் கை ஓயாது. தண்ணீர் பட்ட ரப்பரில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். காய்ந்த டயரில் அதே சில்லு தெறித்துப் போயிருக்கும். ஓரத்தில் கிடந்த குப்பையை வெள்ளம் சாலை நடுவுக்கு இழுத்து வந்துவிடும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு இதோடு சீமைக் கருவேல முள்ளும் சேரும். சாலையோரம் வெட்டிப்போட்ட கொப்புகள் மழையில் அடித்துவந்து தாரில் கிடக்கும்.

எனவே இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், வண்டியின் பின்சக்கரத்தை நீங்களே கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர், எந்தப் பக்கம் எந்த காலர், பிரேக் ராடு எங்கே மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாசலில் கழற்ற முடியாத நட்டை இருட்டில், மழையில் கழற்றவே முடியாது. வண்டியோடு வந்த ஸ்பேனர் பல சமயம் அந்த நட்டுக்குப் போதாது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் மாற்றிவிடுங்கள். பட்டன் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு பட்டனோடு சமமாகிவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஈரச் சாலையில் அந்த டயர் பிடிக்காது. செயின் கவரிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, டயர் சூடாகும் முன் காற்று அடியுங்கள். பின்னால் ஆள் உட்காரும் பயணத்துக்குப் பின்சக்கரத்தின் கணக்கு வேறு. மழை என்பதற்காகக் காற்றைக் குறைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. காற்றுக் குறைந்த டயர் குழியில் மோதினால் ரிம் வளையும், டியூப் நசுங்கிக் கிழியும்.

ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப், அலாய் என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். டயரிலேயே எழுதியிருக்கும். டியூப்லெஸ்காரர்கள் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் எடுத்துக்கொண்டால் போதும். டியூப் வண்டிக்காரர்கள் டயர் லீவர் இரண்டு, மாற்று டியூப், பம்பு, பழைய துணி எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுப் போடுவதை நம்பிப் போகாதீர்கள். தடவிய சொல்யூஷன் காய்ந்தால்தான் ஒட்டு பிடிக்கும். மழையில் அது காயாது.

வழியில் பஞ்சரானால்? பின்பக்கம் பாம்பாக நெளிந்தால் பின்சக்கரம். ஹேண்டில் கனத்து ஒரு பக்கம் இழுத்தால் முன்சக்கரம். ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள். காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல், நல்ல சக்கரத்தின் பிரேக்கை இதமாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த ஐந்து நிமிடங்களைப் பற்றித்தான். சாலையில் நின்றுபோனவர்களின் உயிரை எடுப்பது பஞ்சர் அல்ல, பின்னால் வரும் வண்டி. மழை கொட்டும்போது லாரி ஓட்டுநரின் கண்ணாடியில் உங்கள் பின்விளக்கு ஒரு சிவப்புக் கறையாகத்தான் தெரியும். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், முடிந்தால் மண் தரை வரை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். காற்றில்லாமல் தள்ளினால் டியூப் வீணாகுமே என்று பார்க்க வேண்டாம், டியூப் வாங்கிக்கொள்ளலாம். வளைவிலும் பாலத்தின் மேலும் நிற்கவே நிற்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர், குழந்தை, பைகள் எல்லாவற்றையும் முதலில் சாலையை விட்டு விலக்குங்கள். வண்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். இண்டிகேட்டர் எரியட்டும். பின்னால் தள்ளி, ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து ஓரத்தில் போடுங்கள். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு அந்த அடையாளம் புரியும். இடம் சரியில்லை, இருட்டிவிட்டது என்றால் பழுது பார்க்கவே வேண்டாம். தள்ளி நின்று உதவிக்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, அவசரத்துக்கு 112, அடிபட்டிருந்தால் 108.

டியூப்லெஸ் டயரில் ஆணி நின்றால் உடனே பிடுங்காதீர்கள். அதுவே காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகக் கடை வரை போய்விடலாம். காற்று நிற்கவில்லை என்றால் மட்டும் பிடுங்கி, ஆணி இறங்கிய அதே சாய்வில் துளையை ராவி, ஊசியில் கோத்த ரப்பர் திரியை நுனி ஒரு விரற்கடை வெளியே நிற்கும்படி அழுத்திவிட்டு, ஊசியைச் சட்டென்று நேராக இழுங்கள். ஓட்டை டயரின் பக்கவாட்டில் இருந்தால் இந்த வேலை செய்யக்கூடாது. அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

டியூப் வண்டியில் என் கை கற்ற பாடம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் கார்த்திகை மாதம், சாயல்குடி தாண்டி வேம்பார் போகும் வழியில் பின்சக்கரம் இறங்கியது. தூறல். அவசரமாக மாற்று டியூபைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினேன். நான்கு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கிவிட்டது. கையில் வேறு டியூப் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து தன் சாக்குக் கொங்காணியை டயருக்கு மேலே விரித்துப் பிடித்தார். "உள்ளுக்குள்ள தடவிப் பாரு தம்பி, முள்ளு ஒடிஞ்சி நிக்கும்" என்றார். துணியை விட்டுத் தடவினேன். வெளியே அடையாளமே இல்லாத ஒரு கருவேல முள்ளின் நுனி துணியில் மாட்டியது. முதல் டியூபையும் இரண்டாவதையும் குத்தியது அதே முள்தான். அந்தக் கொங்காணிக்கு அடியில்தான் துடைத்துத் துடைத்து ஒட்டுப் போட்டு முடித்தேன்.

ஆகவே டியூபை வெளியே எடுத்ததும் வால்வ் இருந்த இடத்துக்கு நேராக வைத்து, டியூபின் ஓட்டை டயரில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அங்கே மட்டுமல்ல, உட்புறம் முழுவதும் துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் கை கிழியும். புது டியூபில் சிறிது காற்றை ஏற்றி உருவம் வந்தபின் உள்ளே தள்ளினால் லீவரில் நசுங்காது. சக்கரத்தை மாட்டும்போது செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள். பேடுகள் ஒட்டிக்கொண்டால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. கிளம்பும் முன் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து, பிடிக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் செல்ஃபை அழுத்தாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடைந்துபோகும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே முயலுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முற்றிலும் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலிக்காது, பெட்ரோல் பம்பு ஓடவே மின்சாரம் வேண்டும். பழைய பேட்டரியை மழைக்கு முன்பே மாற்றுங்கள். கிளட்ச் கேபிள் வழியில் அறுந்தால் தவிப்புதான். புதுக் கேபிள் ஒன்றை, இருக்கும் கேபிளோடு ஒட்டி அதே வழியில் டேப் சுற்றி வைத்துவிட்டால் இரண்டு முனைகளை மாட்டுவதோடு வேலை முடியும். நனைந்து ஓடிய நாளின் இரவில் செயினைத் துடைத்து 90-ஆம் நம்பர் ஆயில் விடுங்கள்.

திம்பம் மலைப்பாதை, முதுமலை போன்ற காட்டுச் சாலைகளில் மட்டும் கணக்கு வேறு. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பத்தில் வண்டி நின்றால் உதவி தேடிக் காட்டுக்குள் நடக்காதீர்கள். சாலையோரம் வண்டிக்கு அருகிலேயே நின்று, வருகிற வண்டியை நிறுத்திச் சோதனைச் சாவடிக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள். பொழுது சாயும் முன் காட்டைத் தாண்டும்படி கிளம்புவதே நல்லது.

வேலை முடிந்து கிளம்பும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையும், சாலையோரம் போட்ட கொப்பையும் மறக்காமல் எடுத்துத் தள்ளி எறிந்துவிட்டுப் போங்கள். இருட்டில் அடுத்து வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.